விரால் மீனுக்கு உப்புப் பார்த்த ராணி

வெட்டிவேலங்குறிச்சி என்றொரு ராஜ்ஜியம். ராஜ்ஜியம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அரண்மனையில் அடுப்பு ஊதுவதே ராணி சொர்ணக்கிளிதான், அவ்வளவு சின்ன ராஜ்ஜியம்!

ராணிக்கு ஒரே ஒரு ஏக்கம். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷமாக விரால் மீன் குழம்பு வைக்கிறாள். ஒருநாளாவது நடுத்துண்டு தின்றதில்லை. ராஜா சிங்கமுத்துவும் மூன்று தம்பிகளும் முதல் பந்தியில் வழித்துத் தின்றுவிட்டு எழுந்திருப்பார்கள். அவளுக்கு மிஞ்சுவது வாலும் முள்ளும்.

அன்றைக்குப் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "என்னங்க, ஒரே ஒரு துண்டு எடுத்து வச்சுக்கிட்டா என்ன?"

"ஆம்பளைங்க எழுந்தப்புறம்தான் பொம்பளைங்க சாப்பிடணும். கொள்ளுத்தாத்தா போட்ட கட்டளை!" என்றார் ராஜா. பக்கத்தில் நின்ற அரண்மனை விகடகவி சிட்டாண்டி களுக்கென்று சிரித்துவிட்டான். ராஜாவுக்குச் சுருக்கென்றது. "சிரிக்கிறியா? கட்டளையை மீறாம நாளைக்கு அவளுக்கு நடுத்துண்டு கிடைக்க வழி பண்ணு. இல்லேன்னா உன் மீசையை மழிச்சிடுவேன்!"

ராணி பதறிப்போனாள். "ஐயையோ, என்னால உன் மீசைக்கு ஆபத்து வந்துடுச்சே!"

"விடுங்க தாயே. குழம்புக்கு உப்புப் பார்க்கிறது யாரு?"

"நான்தான். உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டுப் பார்ப்பேன்."

"அடடா! குழம்புல உப்பு இருந்தாப் போதுமா? மீனுல ஏறியிருக்கான்னு யார் பார்க்கிறது?"

ராணியின் முகம் மலர்ந்தது.

மறுநாள் மதியம். ராஜாவும் தம்பிகளும் இலை முன்னே உட்கார்ந்தார்கள். சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. கூடவே ஒரு வால் விழுந்தது.

"நடுத்துண்டெல்லாம் எங்கே?"

"உப்புப் பார்த்தேங்க."

"அதுக்கு ஒரு துண்டு போதாதா?"

"முதல் துண்டுல சரியா இருந்துச்சு. அடுத்ததுல எப்படியோன்னு சந்தேகம் வந்துடுச்சு. அப்படியே ஒன்பதையும் பார்த்துட்டேன்."

"கட்டளையை மீறிச் சாப்பிட்டுட்டியே!"

சிட்டாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டான். "அபாண்டம் மகாராஜா! தாய் இன்னும் சாப்பிடவே இல்லை. நீங்க எழுந்திருக்கணும்னு பசியோட காத்துக்கிட்டு இருக்காங்க, பாவம்!"

தம்பிகளுக்குப் புரையேறியது. ராஜா ராணியைப் பார்த்தார். ராணி அடக்கமாட்டாமல் ஏப்பம் விட்டாள். அவ்வளவுதான், ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சட்டென்று ஒரு கவலை வந்துவிட்டது. மணையில் நகர்ந்து இடம் விட்டார்.

"சொர்ணம், நாளைக்கு நண்டுக் குழம்பு. நீயும் எங்களோட முதல் பந்தியிலயே உட்கார்ந்துடு தாயி. உப்பு கரிச்சாலும் பரவாயில்லை!"