மிதப்பதெல்லாம் படைக்கு

முன்னொரு காலத்தில் ஒரு சுல்தான் இருந்தார். கடலைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கடற்போர் என்றால் அவருக்கு உயிர். ஒருநாள் தர்பாரில், "நம் படகுகள் அணிவகுத்தால் இடையில் தண்ணீரே தெரியக் கூடாது!" என்றார்.

கடற்கரைச் சீமை அவருக்காக ஏற்கெனவே தன் கப்பல்களையும் மாலுமிகளையும் அனுப்பியிருந்தது. போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அரசவை விகடன் மீராப்பிள்ளை அந்தச் சீமைக்காரர். அவரைக் கண்டாலே ஆகாத மந்திரி, வசீர் முக்பில்கான் எழுந்தார்.

"சுல்தானே, நாட்டில் நீரில் மிதப்பது எதுவானாலும் அதிலிருக்கும் ஆளோடு படைக்கு வரட்டும். மீராப்பிள்ளையே கொண்டு வரட்டும். ஒன்று விடுபட்டாலும் அவர் தலை போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்று சுல்தான் முத்திரை மோதிரத்தைக் கழற்றி மீராப்பிள்ளையிடம் கொடுத்தார்.

மீராப்பிள்ளை வீரர்களோடு ஊருக்குப் போனார். தங்கை சபூரா கரையிலேயே மறித்துக்கொண்டாள்.

"காக்கா, கப்பலக் குடுத்தோம். எம் மாப்புள்ளையக் குடுத்தேன், அடக்கம் பண்ண மையத்துகூட வரல. இந்தக் கட்டுமரத்தையும் எடுத்துட்டா தகப்பன் இல்லாத புள்ளைங்க என்னத்தத் திங்கும்? கேக்க உங்க சுல்தானுக்கு வாய் கூசலையா?"

மீராப்பிள்ளை அவளைத் தனியே அழைத்தார். "எல்லாக் கட்டுமரத்தையும் மணல்ல இழுத்துப் போடச் சொல்லும்மா. ஒண்ணுகூட தண்ணியில நிக்கக் கூடாது" என்றார்.

கடைசிக் கட்டுமரமும் மணலேறிய பிறகு வீரர்களிடம் திரும்பி, "இங்கே மிதப்பது எதுவும் இல்லை. வாருங்கள், தலைநகரில் பார்ப்போம்" என்றார்.

தலைநகர் ஏரியில் வசீரின் உல்லாசப் படகு மிதந்துகொண்டிருந்தது. பட்டு மெத்தையில் வசீர் பகல் தூக்கத்தில் இருந்தார். படகை அப்படியே வண்டியில் ஏற்றி, யானை பூட்டி, தர்பார் வாசலில் கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

"சுல்தானே, நீரில் மிதந்தது இது ஒன்றுதான். ஆளோடு கொண்டு வந்திருக்கிறேன். நாளைக்கே போர்முனைக்கு அனுப்பலாம்" என்றார் மீராப்பிள்ளை.

வசீர் அலறினார். "ஐயோ, இது விளையாட்டுப் படகு! சண்டைக்கு ஆகாது! எனக்கு நீந்தவும் தெரியாது!"

"கட்டுமரமும் சண்டைக்குச் செய்ததில்லை, வசீரே. அதில் போகிறவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான்."

சுல்தான் விழுந்து விழுந்து சிரித்தார். கட்டளையை அங்கேயே ரத்து செய்து, கழுத்திலிருந்த முத்துமாலையை நீட்டினார். மீராப்பிள்ளை கை நீட்டவில்லை.

"இந்த முத்தும் எங்கள் ஆட்கள் மூழ்கி எடுத்ததுதான். எனக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் உங்கள் பெயர் சொல்லி இறைவனிடம் துஆ கேட்கிறார்களே, கடலில் மாண்ட எங்கள் ஆட்களுக்கும் பெயர் சொல்லிக் கேட்கட்டும்."

சுல்தானின் சிரிப்பு நின்றது. மாலையைக் கீழே வைத்துவிட்டு, "சரி" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை நண்பகலில் தொடங்கி, பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள். அதுவரை சுல்தான் எழுந்திருக்கவில்லை.