ஒல்லியான ‘அனுப்பு’

குருவம்புதூர் பால் சங்கத்தில் ஏழு பேர். ஏழு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு கொஞ்சம் உதைக்கும்.

சாயங்கால லாரி வருவதற்குள் அங்கே தினமும் இரண்டு கேன் பால் திரிந்துபோகும். குளிரூட்டும் மிசின் கேட்டு, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். மாட்டு டாக்டரம்மா பரிதாபப்பட்டு எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்து, ஒரு தாளையும் வைத்துவிட்டுப் போனார். அதில் இரண்டே வரி: ‘தடித்த எழுத்தில் இருப்பது பொத்தானின் பெயர். அனுப்பு பொத்தானை அழுத்தவும்.’ ‘அனுப்பு’ மட்டும் தடித்த எழுத்து.

மூன்று மணிக்குத் தலைவர் பொன்னுரங்கம் தாளில் இருந்த ‘அனுப்பு’ மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். தாள் கசங்கியது.

“பொத்தானைன்னு போட்டிருக்குதுங்க தலைவரே. உங்க சட்டையில அஞ்சு இருக்குது,” என்றார் செயலாளர் வேலாத்தாள்.

தலைவர் மேலிருந்து கீழாக ஐந்தையும் அழுத்தினார். நான்காவது தெறித்து மேசைக்கடியில் ஓடியது. அத்தனை பேரும் குனிந்து இருபது நிமிடம் தேடினார்கள்.

முதலில் நிமிர்ந்தவர் பால் அளக்கும் சென்னிமலை. “கம்ப்யூட்டர்லயே ‘அனுப்பு’ இருக்குதுங்.”

தலைவர் தாளைத் திரையோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். “தொடாதே. தாள்ல இருக்கறவன் தடியன். இவன் ஒல்லி.”

“பேரு ஒண்ணுதானுங்களே?”

“உனக்கும் உங்க சித்தப்பனுக்கும் கூடத்தான் பேரு ஒண்ணு. அவருக்குப் பாத்த பொண்ணை நீ கட்டிக்கிட்டயா?”

சென்னிமலை நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

வேலாத்தாள் பூதக்கண்ணாடியைத் திரையில் பிடித்தார். “இப்பத் தடிச்சிருச்சுங்க.”

“பக்கத்துல ‘ரத்து’ம் தடிச்சிருக்குதே அம்மிணி. ரெண்டு தடியன்ல யாரை நம்பறது?”

கை தூக்கி ஓட்டெடுத்தார்கள். மூன்றுக்கு மூன்று. ஏழாமவர் இன்னும் மேசைக்கடியில் பொத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

“பொறுப்போம். நேரம் வந்தா தானாத் தடிக்கும்,” என்றார் தலைவர்.

சரியாக ஐந்து மணிக்குத் திரை மாறியது. கொட்டை எழுத்தில் வந்தது: ‘விண்ணப்பக் காலம் முடிந்தது.’

“நான் சொல்லல?” என்றார் தலைவர்.

ஏழு பேரும் வரிசையில் நின்று, திரையில் தடித்திருந்த அந்த எழுத்தை ஆளுக்கு ஒரு முறை பயபக்தியோடு அழுத்தினார்கள். தாமதமாக வந்ததால் ஏழாமவர் இரண்டு முறை.

ஆறு மணிக்கு லாரி வந்தது. தலைவர் வாசலிலேயே கையைக் காட்டி மறித்தார்.

“பால் இனிமே கெடாதுங்க. சாவகாசமா அடுத்த வாரம் வாங்க.”