ஆறாவது மாடிக் காற்று

தங்கப்பழம் மேசையைத் தட்டினார்.

"என் வீட்டுக்கு மட்டும் ஏன் சூடு வரலை?"

மேசைக்கு அந்தப் பக்கம் ஹான் ஷிஃபு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

ஷென்யாங் நகரத்தில் நவம்பர் பிறந்தால் வீடுகளுக்குச் சுடுநீர் விடுவார்கள். எங்கோ ஓரிடத்தில் கொதித்த தண்ணீர் தெருவுக்கடியில் ஓடி, மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு வீட்டுச் சுவரோரமும் நிற்கும் இரும்பு ஹீட்டருக்குள் புகுந்து அறையைச் சூடாக்கும். அந்தக் குடியிருப்பின் குழாய்களுக்கெல்லாம் ஹான் என்ற பெண்மணிதான் பொறுப்பு. வயது முப்பத்தைந்து. கைவேலை தெரிந்தவரை அங்கே ஷிஃபு என்பார்கள், குரு என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துபவரை லாவ்ஷி என்பார்கள்.

தங்கப்பழம் லாவ்ஷி. கோவில்பட்டிக்காரர். ஹானைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலத்தில் கணக்கு நடத்த வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருக்குத் தெரிந்த சீனம் முழுக்கச் சந்தையில் பேரம் பேசிப் படித்தது. சண்டைக்குப் போதும், சமாதானத்துக்குப் பத்தாது.

"எந்தக் கட்டடம்?" என்று கேட்டார் ஹான்.

"ஏழாம் நம்பர். மூணாவது வாசல். ஆறாவது மாடி."

ஹான் அப்போதுதான் நிமிர்ந்தார். "நீங்கதானா அது?"

"நான்தான். வெளிநாட்டுக்காரன்னா குளிர்ல விறைச்சுச் சாகணுமா? கீழே அஞ்சு வீட்டுக்காரனும் சட்டையைக் கழற்றிப் போட்டுட்டு உட்கார்ந்திருப்பான். எனக்கு மட்டும் இரும்பு ஐஸ் மாதிரி கிடக்கு."

"பார்த்தீங்களா?"

"எதை?"

"அவங்க சட்டையைக் கழற்றினதை."

"அவங்க வீட்டுக்கு நான் ஏன் போறேன்? இன்னிக்கே ஆள் வரணும். நாளைக்குன்னு சொன்னா இங்கேயே உட்காருவேன். சரி, உங்களுக்காக ஏழு மணி வரைக்கும் பொறுக்கிறேன்."

"இப்பவே போகலாம்."

ஹான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். பேரத்துக்கு இடமே இல்லாமல் போனது தங்கப்பழத்துக்கு என்னவோ போலிருந்தது.

வெளியே மதிய வெயில். வெளிச்சம் மட்டும்தான், சூடு கிடையாது. தங்கப்பழம் நடந்துகொண்டே சொன்னார்:

"எப்படியும் திங்கக்கிழமை வேலையை விடப்போறேன். கடிதம் எழுதி ஹீட்டர் மேலயே வச்சிருக்கேன். அதுக்கு அந்த ஒரு உபயோகமாவது இருக்கட்டும்."

"ஏன் விடறீங்க?"

"நான்தான் உங்களைக் கேக்கணும், ஷிஃபு. இந்த ஊருக்கு என்னைக் கண்டா ஏன் ஆகலை?"

ஹான் ஏழாம் நம்பர் கட்டடத்து வாசலில் நின்று, கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்.

"இதைப் பார்த்தீங்களா?"

"பத்து நாளாப் பார்க்கறேன். படிக்கத் தெரியாது."

"யாரையாவது கேட்டீங்களா?"

தங்கப்பழம் படியேறத் தொடங்கினார்.

லிஃப்ட் இல்லாத கட்டடம். நான்காவது மாடிக்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. ஐந்தாவதில் ஹான் நின்று, ஒரு கதவைத் தட்டினார்.

"இது இல்லை. இன்னும் ஒரு மாடி," என்றார் தங்கப்பழம்.

கதவு திறந்தது. பஞ்சு வைத்த தடிக் கோட்டு போட்ட ஒரு ஆள் நின்றார். ஃபாங். அவரைப் பார்த்ததும் தங்கப்பழத்துக்குச் சுருக்கென்றது.

நான்கு நாளாகச் சாயந்தரமானால் வந்து கதவை இடிக்கிற ஆள். முதல் நாள் திறந்தபோது சுவரைக் காட்டிக் காட்டி மளமளவென்று ஏதோ பேசினார். அதற்கு முந்தின வாரம்தான் தங்கப்பழம் மிளகாய் வற்றலைத் தாளித்து, மாடிப்படி முழுக்க இருமியிருந்தது. அந்தப் பஞ்சாயத்தைத்தான் கொண்டு வந்திருக்கிறான் என்று தமிழில் நாலு வார்த்தை கொடுத்துக் கதவைச் சாத்தியவர், பிறகு மூன்று நாளும் திறக்கவேயில்லை.

ஃபாங் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வழி விட்டார்.

உள்ளே கட்டிலில் அவர் மனைவி தலையில் கம்பளித் தொப்பியோடு படுத்திருந்தாள். பக்கத்தில் மூன்று போர்வைக்குள் ஒரு குழந்தை. மூக்கு மட்டும் தெரிந்தது. பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது.

பிள்ளை பெற்றவள் காதில் குளிர் படக்கூடாது என்பது கோவில்பட்டியிலும் உள்ளதுதான். தங்கப்பழம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

ஹான் அவர் கையைப் பிடித்து ஹீட்டர் மேல் வைத்தார். ஜில்லென்றிருந்தது.

ஃபாங் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்? வேகமாப் பேசினா எனக்குப் புரியாது."

"குழந்தைக்கு இன்னிக்குப் பதினோராம் நாள்னு சொல்றார்," என்றார் ஹான்.

இருவரும் மேலே ஏறினார்கள். தங்கப்பழம் பூட்டைத் திறந்தார்.

"ஒரு பாத்திரம் குடுங்க."

ரசம் வைக்கும் பாத்திரம்தான் கைக்கு எட்டியது. ஹான் அதை ஹீட்டரின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்த ஒரு சின்னத் திருகைக் காட்டினார். சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் நீளத்தில் ஒரு பித்தளைச் சாவியை எடுத்து நீட்டினார்.

"திருப்புங்க."

"நானா?"

"உங்க வீடுதானே?"

திருப்பினார். உஸ்ஸ் என்று துரு வாடையோடு காற்று சீறியது. தங்கப்பழம் பயந்து கையை எடுத்தார்.

"உடைச்சிட்டேனா?"

"போகட்டும்."

சீறிக்கொண்டே இருந்தது. ஹான் பாத்திரத்தைப் பிடித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவசரமே இல்லை. அந்தச் சத்தத்துக்கு முன்னால் சும்மா நிற்க முடியாமல் தங்கப்பழம் பேச ஆரம்பித்தார்.

"சம்பளம் எவ்வளவுன்னு டாக்ஸிக்காரன் கேக்கறான். சம்சாரத்தை ஏன் கூட்டிட்டு வரலைன்னு பழக்கடைக்காரி கேக்கறா. பச்சைத் தண்ணி கேட்டா வெந்நீரைக் குடுக்கறாங்க. மதியம் சாப்பிட்டதும் ஆசிரியர் அறையில விளக்கை அணைச்சிட்டு ஆளுக்கொரு மடக்குக் கட்டிலை விரிச்சுத் தூங்கறாங்க, ஷிஃபு. நான் ஒருத்தன் இருட்டுல முழிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன். எங்க போறது? நடைபாதையில நின்னு செவுத்தைப் பார்ப்பேன். எட்டு மாசமா."

ஹான் தலையசைத்தார். காற்று சீறியது.

"பசங்க என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கறாங்க. பார்க்கப்போனா நல்ல பசங்கதான். அது வேற." ஹீட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கட்டில் ஒண்ணு எனக்கும் வாங்கி வச்சிருக்காங்க. கதவுக்குப் பின்னால. நான் தொடலை."



சீறல் இருமலாயிற்று. இரண்டு சொட்டு கறுப்புத் தண்ணீர் துப்பியது.

"சுவர்ல தெறிக்கும். எதையாவது வச்சு மறைங்க."

தங்கப்பழம் ஹீட்டர் மேல் கிடந்த தாளை எடுத்து நீட்டினார். பீய்ச்சி அடித்த தண்ணீர் அதன் மேல் கறுப்பாக வழிந்தது. பிறகு தெளிந்து, சூடாக, பாத்திரத்துக்குள் ஒழுங்காக விழுந்தது.

"மூடுங்க."

மூடினார். குழாய்க்குள் கடகடவென்று ஏதோ இறங்குகிற சத்தம். ஹீட்டரைத் தொட்டார். அடிப்பக்கம் வெதுவெதுப்பு. மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"குழாய்ல இருக்கிற காத்து எல்லாம் உச்சி வீட்டுலதான் வந்து அடைச்சிக்கும்," என்றார் ஹான். "அதை வெளியே விடாம இங்க தண்ணி ஏறாது. இங்க ஏறலைன்னா கீழே எந்த வீட்டுலயும் ஓடாது. ஆறாவது மாடிக்காரர் வீட்டுலயே இருந்து திருகைத் திறங்கன்னுதான் வாசல்ல ஒட்டியிருக்கு."

"அப்ப அவர் நாலு நாளா என் கதவை இடிச்சது..."

"அதைச் சொல்லத்தான்."

"மிளகாய்க்கு இல்லையா?"

"எந்த மிளகாய்?"

தங்கப்பழம் கையிலிருந்த தாளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதமாகத் தோளில் இருந்ததை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் அதை அடக்க முடியவில்லை.

"அது என்ன தாள்?"

"திங்கக்கிழமைக் கடிதம்."

"நனைஞ்சு போச்சே. வேற எழுதணுமா?"

தங்கப்பழம் அதைக் கசக்கி ரசப் பாத்திரத்துக்குள் போட்டார்.

கீழேயிருந்து யாரோ குழாயைத் தட்டினார்கள். டொக், டொக், டொக். இரும்பு வழியாகச் சத்தம் ஏறி வந்து ஹீட்டரில் அதிர்ந்தது.

"இப்ப என்ன கேக்கறார்?"

"ஒண்ணும் கேக்கலை. சூடு வந்துடுச்சுன்னு சொல்றார்."

தங்கப்பழம் பித்தளைச் சாவியால் குழாயில் பதிலுக்கு மூன்று தட்டுத் தட்டினார். பிறகு சாவியைத் துடைத்து ஹானிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"அது இந்த வீட்டுல இருக்கட்டும். அடுத்த நவம்பர்லயும் வேணும்."

ஹான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். தங்கப்பழம் பின்னாலேயே போனார்.

"ஷிஃபு, நாலு நாள். அதுவும் பச்சைக் குழந்தை. என்மேல அவங்களுக்கு வெறுப்பு வந்திருக்காதா?"

ஹான் குனிந்து காலணியை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"காத்து எப்பவும் மேல்வீட்டுக்குத்தான் ஏறும், லாவ்ஷி. அதுக்காக மேல்வீட்டுக்காரரை யார் வெறுப்பாங்க? வந்து கதவைத் தட்டுவாங்க. திறக்கிற வரைக்கும் தட்டுவாங்க."