விசில் வராத குக்கர்

ஒரு ஊர்ல ஒரு குக்கர் இருந்துச்சாம்.

"ராஜா இல்லையாம்மா?"

ராஜா இல்லடா கண்ணு, குக்கர்தான். புத்தம் புதுக் குக்கர். அதுல முகம் பாத்துத் தலை சீவலாம், அப்படி மின்னும். யாரு குக்கர்னு கேளு. அல்லின்னு ஒரு புதுப்பொண்ணோட குக்கர். அல்லிக்குக் கல்யாணம் ஆனப்ப, அவ அம்மா கடைக்கூட்டத்துல இடிபட்டு மிதிபட்டு அந்தக் குக்கரை வாங்கி, மத்த சீரோட சேத்து வண்டியில ஏத்துனாங்க. "அடுப்புல இது இருக்கறப்ப, அம்மா பக்கத்துல நிக்கறேன்னு நெனச்சுக்கோ"ன்னு சொல்லி அனுப்புனாங்க. ம் கொட்டு.

"ம்."

அந்த அல்லி இருக்காளே, அவ்வளவு கூச்சம். "தண்ணி வேணும்"னு அவ கேட்டு முடிக்கறதுக்குள்ள தாகமே போயிடும். புருஷன் லாரி ஓட்டப் போயிருவான், வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவான். வீட்டுல இவளும் மாமியாரும்தான். மாமியார் பேரு சொர்ணம். அந்தம்மாவுக்கு நேர் எதிர் குணம். வாசல்ல நின்னு கூப்பிட்டாங்கன்னா, அடுத்த தெருவுல போற பால்காரர் பிரேக் போட்டுருவாரு.

அவங்க இருந்தது ஒரு காம்பவுண்டு. வரிசையா நாலு வீடு, நடுவுல ஒத்தைச் சுவரு. இந்த வீட்டுல தும்முனா அந்த வீட்டுல "நூறு வயசு"ன்னு வாழ்த்துவாங்க. காலை ஆயிடுச்சுன்னா ஒரு வீட்டுல "உஸ்ஸ்ஸ்... ப்பீய்ங்!"னு விசில் வரும். அடுத்த வீட்டுல "டுக்கு டுக்கு டுக்கு... ஃபீஈஈ!"ன்னு வரும். அதுக்கு அடுத்த வீட்டுல "க்கீஈஈச்!"னு வரும், அது பழைய குக்கர், தொண்டை கட்டிப் போச்சு. விசில் வந்தா அந்த வீட்டுல சாம்பாருக்குப் பருப்பு வேகுதுன்னு அர்த்தம். விசில் வரலையா, "பாவம், அவங்க வீட்டுல இன்னிக்குப் பழைய சோறு போல"ன்னு பேச ஆரம்பிச்சுருவாங்க. அப்படி ஒரு காம்பவுண்டு அது.

அப்போ அல்லி முதல் நாள் சமைக்கப் போனா. பருப்பைக் கழுவிப் போட்டு, மஞ்சத்தூள் போட்டு, மூடியப் போட்டு, வெயிட்டையும் போட்டுட்டு நின்னா.

"புஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

அவ்வளவுதான். புஸ்ஸுன்னுதே ஒழிய விசில் வரல. என்னன்னு குனிஞ்சு பாத்தா, வண்டியில வர்றப்ப எங்கயோ இடிச்சு மூடி லேசா நெளிஞ்சிருக்கு. அந்த ஓரமா ஆவி போயிக்கிட்டே இருக்கு. ஆனா பருப்பு வேகுது. கொஞ்சம் மெதுவா வேகுது, அவ்வளவுதான். அல்லி வாசனை பாத்தே கண்டுபுடிச்சு, வெந்ததும் அடுப்பை அணைச்சுட்டா.

"விசில் எங்கடி?"ன்னு கூடத்துலருந்து சொர்ணம் அத்தை கேட்டாங்க.

"வெந்துருச்சு அத்தே."

"வெந்தது இருக்கட்டும். விசில் எங்க?"

அதுக்குள்ள பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் சுவத்துக்கு மேல தலைய நீட்டிட்டா. "என்ன சொர்ணக்கா, உங்க வீட்டுல இன்னிக்கு விரதமா? சத்தமே காணோம்!"

சொர்ணம் அத்தைக்கு முகம் சுண்டிப் போச்சு. உள்ள வந்து, "மருமகளும் வாயத் தொறக்க மாட்டேங்குறா, அவ கொண்டு வந்த குக்கரும் வாயத் தொறக்க மாட்டேங்குது! நல்ல ஜோடி! வெள்ளிக்கிழமை பாத்திரக்காரன் வருவான்ல, அவன்கிட்ட இதைப் போட்டுட்டு ஒரு பக்கெட் வாங்கப் போறேன். பக்கெட்டு விசில் அடிக்கலையேன்னு எவளும் கேக்க மாட்டா"ன்னாங்க.

அல்லிக்கு அம்மா கொடுத்த குக்கரு! பாரேன், அதைப் போட்டுட்டு பக்கெட்டாம்.

"அய்யய்யோ. அப்புறம்?"

அப்புறம் அவ என்ன பண்ணா, மறுநாள் குக்கருக்கு மஞ்சள் தடவி, பொட்டு வெச்சு, ஒரு முழம் பூவைச் சுத்தி, "ஒரே ஒரு விசில் விடு சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும்"னு கெஞ்சுனா. புஸ்ஸ்ஸ்ஸ்... பூ வாடுனதுதான் மிச்சம்.

அதுக்கு அடுத்த நாள், பஞ்சவர்ணத்துக்கிட்ட அவங்க குக்கர் வெயிட்டைக் கடன் வாங்கிட்டு வந்து போட்டுப் பாத்தா. கடன் வாங்குன வெயிட்டு சும்மா உக்காந்து வேடிக்கை பாத்துச்சு. புஸ்ஸ்ஸ்ஸ்...

நாலாவது நாள் வெள்ளிக்கிழமை. அடுப்புல பருப்பு. தெருமுனையில சத்தம் கேக்குது. டங்! டங்! "பழைய பாத்திரத்துக்குப் பிளாஸ்டிக் பக்கெட்டேய்ய்ய்...!" சொர்ணம் அத்தை முந்தானைய உதறிட்டு எந்திரிச்சாச்சு. "இந்தாப்பா, நில்லு நில்லு!"ன்னு வாசலுக்குப் போறாங்க. அல்லி வாசலைப் பாக்கறா, குக்கரைப் பாக்கறா. என்ன செய்யலாம்? சொல்லு பாப்போம்.

"ஓடிப் போயிடலாம்."

குக்கரைத் தூக்கிக்கிட்டா? சுடுமேடா! அல்லி என்ன செஞ்சா தெரியுமா? அவளுக்கு வாயிலருந்து பேச்சுதான் வராது. விசில் வரும்! சின்னப் புள்ளையில அவ அப்பாவோட சோளக்கொல்லைக்குக் கிளி விரட்டப் போவா. அவ ஒரு விசில் விட்டான்னா கொல்லையில ஒரு கிளி தங்காது. அவ அண்ணங்க சினிமாக் கொட்டாயில ஹீரோ வர்றப்ப அடிக்கற விசிலு, அதுவே தங்கச்சிகிட்டக் கத்துக்கிட்டதுதான்.

ஆனா இங்க எப்படி அடிக்கறது? நாலாவது வீட்டுச் சின்னப் பொண்ணு ஒரு நாள் விசில் அடிச்சதுக்கே, "பொம்பளப் புள்ள விசிலடிச்சா வீட்டுல லச்சுமி தங்குமா?"ன்னு சொர்ணம் அத்தை அந்தக் கத்து கத்துனாங்க. டங்! டங்! பாத்திரக்காரன் கிட்ட வந்துட்டான். அல்லி கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. நாக்கை மடிச்சா. ரெண்டு விரலை வாயில வெச்சா.

"ப்பீஈஈஈஈய்ய்ய்!"

சொர்ணம் அத்தை ஒரு கால் வாசல்ல, ஒரு கால் தெருவுல, அப்படியே நின்னுட்டாங்க. அப்புறம் முகமெல்லாம் பல்லா, "நீ போப்பா! எங்க வீட்டுல விசில் வந்துருச்சு! ஏ பஞ்சவர்ணம், கேட்டியா?"ன்னு கூவுனாங்க.

"கேட்டேன்க்கா! என்னா கணீர்னு இருக்கு!"

அன்னிலருந்து தினமும் அல்லி அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு, முந்தானைய வாய் மேல போட்டுக்கிட்டு, குக்கருக்குப் பதிலா இவ விசில் அடிக்க ஆரம்பிச்சா. ஒரு நாள் மூச்சை இழுத்துக் கன்னத்தை உப்பிட்டு நிக்கறா, சொர்ணம் அத்தை திடீர்னு உள்ள வந்துட்டாங்க. "என்னடி வாயில?"

"வெ... வெல்லம் அத்தே."

"தின்னுட்டுப் போ. அதுக்கு ஏன் திருடி மாதிரி முழிக்கற?"

இன்னொரு நாள் அல்லிக்குச் சளி. அன்னிக்கு விசில் எப்படி வந்துச்சுன்னா, "ப்பீஈஈ... ஹச்!" கூடத்துலருந்து, "என்னடி, குக்கர் தும்முது?"ன்னு கேக்கறாங்க. "வத்தல் காரம் ஏறிருச்சு அத்தே!"ன்னு சமாளிச்சுட்டா. சுவத்துக்கு அந்தப் பக்கத்துலருந்து பஞ்சவர்ணம், "நூறு வயசு!"ன்னா. சிரிக்காத, தூக்கம் போயிடும்.

இவ வாசனை பாத்து, பதம் பாத்துல்ல அடிக்கறா? அதனால அந்த விசில் வந்தா, மத்த வீட்டுப் பருப்பும் சரியா வெந்திருக்கும். அல்லி கொஞ்சம் முன்னாடி ஏத்திருவா, மத்தவங்க எல்லாரும் ஒரே நேரத்துலதான அடுப்பு மூட்டுவாங்க. கொஞ்ச நாள்ல அவங்கவங்க குக்கர் விசிலை எண்றதையே விட்டுட்டாங்க. அல்லி வீட்டு விசில் வந்தா நாலு வீட்டுலயும் கை தானா அடுப்பை அணைச்சுரும்.

ம் எங்க?

"ம்..."

அப்போ ஒரு நாள் பஞ்சவர்ணம் ஓடி வந்தா. அவ பொண்ணு சுடரைப் பொண்ணு பாக்க வர்றாங்களாம். தூரத்து ஊராம், விருந்து வெக்கணுமாம். "சொர்ணக்கா, உங்க குக்கரை ஒரு நாளைக்குக் குடுங்க. அந்த விசில் ராசியான விசில்க்கா. அதுல பருப்பு வெச்சா என் பொண்ணுக்குக் கல்யாணம் கூடிரும்."

"தாராளமா எடுத்துட்டுப் போ!"ன்னு சொர்ணம் அத்தை தூக்கிக் குடுத்துட்டாங்க.

அல்லி "அத்தே..."ன்னா. அது யாரு காதுலயும் விழல.

சரி, சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு வாசனை புடிச்சு விசில் விட்டுருவோம்னு நெனச்சா. ஆனா பாரு, பஞ்சவர்ணம் விருந்தாளிங்க வர்றாங்கன்னு வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டுட்டா! மூக்குக்குள்ள ஒரே சாம்பிராணி. பருப்பு எது, புகை எதுன்னு தெரியல. அல்லி மூக்கை இப்படி வெக்கறா, அப்படி வெக்கறா, ஒண்ணும் புடிபடல. கடைசியில அங்கேயே ஓடுனா.

கூடத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. அடுப்படியில பஞ்சவர்ணமும் சொர்ணம் அத்தையும் குக்கரைச் சுத்தி, இன்னொரு கை நுழைய இடமில்லாம நிக்கறாங்க. குக்கர் "புஸ்ஸ்ஸ்ஸ்..."ங்குது.

"என்னக்கா, இன்னும் விசில் வரல?"

"இருடி. எங்க குக்கர் நிதானம். அவசரமெல்லாம் படாது."

அல்லி கிட்டப் போனா. அடிப்புடிக்கற வாடை லேசா வருது! தண்ணி சுண்டிப் போச்சு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா பருப்பு கருகிரும். வேற பருப்பு வேக வெக்க நேரமில்ல. வந்தவங்களுக்குக் கருகுன சாம்பார் ஊத்துனாங்கன்னு பேராயிடும். அந்தப் பக்கம் சுடரு புதுச்சேலையக் கட்டிக்கிட்டு, பயந்து போயி நிக்கறா.

"அக்கா... அடுப்பை அணைங்கக்கா..."

சாம்பிராணிப் புகை கூட அவ குரலை விடக் கனமா இருந்துச்சு. யாருக்குக் கேக்கும்? "நீ சும்மா இரு புள்ள, விசில் வரட்டும்"ங்கறாங்க.

"அத்தே, கருகுது..."

"விசில் வராம எப்படிக் கருகும்?"

அல்லி குக்கரைப் பாத்தா. இப்போ விசில் அடிச்சா எல்லாம் வெளிய தெரிஞ்சுரும். இத்தனை நாளா ஏமாத்துனதும் தெரிஞ்சுரும். குக்கரு பக்கெட்டுக்குப் போயிடும். அடிக்கலைன்னா சுடரு நெலமை? சுடரைப் பாத்தா. அம்மா கொடுத்த குக்கரை இன்னொரு தடவை பாத்தா. முந்தானையெல்லாம் போட்டு மறைக்கல. ரெண்டு விரலை வாயில வெச்சு, எல்லாரும் பாக்க,

"ப்பீஈஈஈஈஈஈய்ய்ய்!"

பஞ்சவர்ணம் கை தானா போயி டப்புன்னு அடுப்பை அணைச்சுருச்சு. பழக்கம்ல? அப்புறம்தான் ரெண்டு பேரும் திரும்பிப் பாக்கறாங்க. குக்கர் கம்முனு இருக்கு. அல்லி வாயில ரெண்டு விரல் இருக்கு.

கூடத்துல மாப்பிள்ளையோட தாய்மாமன், பஸ் கண்டக்டரு, நாற்காலியில கண்ணசந்திருந்தவரு பதறி எந்திரிச்சு, "யாருப்பா எறங்கணும்?"ன்னாரு.

கூடம் பூரா கொல்லுன்னு சிரிப்பு! மாப்பிள்ளை சிரிக்கறாரு. சுடரு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா. அடுப்படியில மட்டும் யாரும் சிரிக்கல.

"அல்லி, இத்தனை நாளா நீயா?"ன்னு சொர்ணம் அத்தை கேட்டாங்க.

"ஆமா அத்தே."

"கார்த்திகைக்கு வரிசையா அத்தனை விசில் வந்துச்சே?"

"அதுவும் நான்தான். மூச்சு வாங்கிருச்சு அத்தே."

"அப்போ அந்தத் தும்மல்?"

"அதுவும்..."

சொர்ணம் அத்தை உதடு துடிச்சுச்சு. அல்லி தலையக் குனிஞ்சுக்கிட்டா. பஞ்சவர்ணம் மூடியத் தொறந்தா. அடியில மட்டும் லேசாப் புடிச்சிருக்கு, மேல பருப்பு வெண்ணெய் மாதிரி குழைஞ்சிருக்கு. அந்த நேரம் பாத்து மாப்பிள்ளையோட அம்மா எட்டிப் பாத்து, "யாரு விசிலடிச்சது? பொம்பளையா?"ன்னு ஒரு மாதிரி இழுத்தாங்க.

சொர்ணம் அத்தை இடுப்புல கைய வெச்சு நிமிந்தாங்க. "ஆமா, எங்க வீட்டு மருமக. எங்க குக்கருக்கு நாக்கு இல்ல, அவளுக்கு இருக்கு. போயி எலையில உக்காருங்க, பருப்பு ஆறிரும்!"

சாப்பிட்டுப் பாத்த மாப்பிள்ளை அம்மா ரெண்டாந்தடவை சாம்பார் கேட்டு வாங்குனாங்க. சுடருக்கும் மாப்பிள்ளையப் புடிச்சுப் போச்சு, கல்யாணம் கூடிருச்சு.

கண்ணு... தூங்கிட்டியா?

"ம்... குக்கரு?"

குக்கரா? அல்லி வீட்டுக்கு வந்து அதைப் பளபளன்னு தேச்சு, வாசப்படிகிட்டக் கவுத்து வெச்சுட்டா. எப்படியும் போகப் போகுதேன்னு. மறுநாள் காலையில பாத்தா, அங்க குக்கரைக் காணோம். அடுப்படிக்குப் போனா, சொர்ணம் அத்தையே அதுல பருப்பைப் போட்டு ஏத்திட்டுக் கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்காங்க. கொஞ்ச நேரம் ஆச்சு. இன்னும் கொஞ்ச நேரம் ஆச்சு.

"ஏ அல்லி, எனக்குக் காது கேக்கலையா, இல்ல நீ இன்னும் விசில் விடலையா?"

அல்லிக்குச் சிரிப்பு வந்துருச்சு. கண்ணுல தண்ணியும் வந்துருச்சு. "இன்னும் வேகல அத்தே! வெந்ததும் விடறேன்!"ன்னு ஒரு குரல் குடுத்தா பாரு, நாலாவது வீடு வரைக்கும் கேட்டுச்சு. அவ அவ்வளவு சத்தமாப் பேசி அந்தக் காம்பவுண்டு அன்னிக்குத்தான் கேட்டுச்சு. அப்புறம் வாசப்படியில வந்து நின்னு, வெளிச்சத்துலயே, நல்லா நீட்டி ஒரு விசில் விட்டா.

டப். டப். டப். டப். நாலு வீட்டு அடுப்பும் அணைஞ்சுச்சு.

பருப்பும் வெந்துச்சு, கதையும் வெந்துச்சு. ஆவி அடங்கட்டும், கண்ண மூடிக்கோ.