கழித்தபின் மிஞ்சியது

"கழிச்சா மிஞ்சுறது உண்மைதானே, டாக்டர்?" என்று கேட்டார் திருவாழி.

கல்லூரியில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஸ்கேன் படங்களைச் சீர்செய்யும் வித்தையைக் கற்க, தன் மகள் வயதுள்ள டாக்டர் ஷமீமாவிடம் வந்து சேர்ந்திருந்தார். தினமும் தன் பிளாஸ்க் டீயில் பாதியை இந்த மாணவருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் டாக்டர் குடிப்பார்.

இன்று திருவாழி டீயைத் தொடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் பிலோமினா என்ற பெண்ணின் கல்லீரல். மீன்வலைக் கம்பெனியில் வேலை செய்பவள். நரம்பில் மருந்து ஏற்றுமுன் ஒரு படம், ஏற்றியபின் ஒரு படம். பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்கத் திருவாழி ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். எந்த இடம் எவ்வளவு மருந்தைக் குடித்ததோ, அங்கே அவ்வளவு வெளிச்சம் மிஞ்சும்.

கல்லீரலின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு பளிச்சென்று மிஞ்சியிருந்தது.

கட்டிதான் என்றார் திருவாழி. கணக்கை நான்கு தடவை சரிபார்த்தாயிற்றாம். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க எழுதிவிடலாமா என்று கேட்டார். அந்தப் பெண் வெளியேதான் காத்திருந்தாள்.

"கணக்கு சரிதான் சார். சாவி, கண்ணாடி, வாட்ச் எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டு, போய் மெஷின்ல படுங்க."

திருவாழி படுத்தார். தலைமாட்டில் டமடமவென்று அடித்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தார். சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை சொன்னார்கள், அதற்கும் பிடித்தார், முடிவதற்குள் கொஞ்சம் விட்டுவிட்டார்.

எழுந்து வந்தபோது, அவருடைய இரண்டு படங்களையும் டாக்டர் அவர் புரோகிராமிலேயே போட்டுக் கழித்து வைத்திருந்தார்.

கல்லீரலின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு.

திருவாழிக்கு வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"எனக்கும் இருக்கா, டாக்டர்?"

டாக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

"உங்களுக்கு மருந்தே ஏத்தலையே, சார்."



திருவாழி பிலோமினாவின் படங்களைத் திறந்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். பின்னதில் கல்லீரல் ஒரு விரற்கடை மேலேறியிருந்தது. அதை இறக்கி, விளிம்போடு விளிம்பு பொருந்தவைத்து, மறுபடி கழித்தார்.

பொட்டு இல்லை.

டாக்டர் கழிக்காத படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கட்டி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று அவரை அனுப்பினார்.

பிலோமினா மடியில் பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேதி கேட்டதும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சார், திட்டக் கூடாது. மருந்து கை வழியா சில்லுன்னு ஏறிச்சு. பயந்துபோய் மூச்ச விட்டுட்டேன்."

திருவாழி அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நானும் விட்டுட்டேம்மா."