மேயப் போன இடம்

ஓலைக்கரட்டு ஜனங்கள் சொன்ன சொல்லை அப்படியே கேட்பவர்கள். கஷ்டமே அங்கேதான். ஊர் மலைச்சரிவில் இருந்தது. கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி. பஸ் கிடையாது. வேலாத்தாளுக்குத் தக்காளிக் கூடையைத் தலையில் வைத்துச் சந்தைக்கு நடந்து நடந்தே கழுத்து உள்ளே போய்விட்டது, பாவம்.

ஒருநாள் வனத்துறை ரேஞ்சர் வந்தார். "மலையிலயும் புல்வெளியிலயும் தேடிப் பாருங்க. பறவை நிறைய உட்கார்ற இடத்துல கொடி கட்டுங்க. இடம் நல்லாயிருந்தா, பறவை பார்க்க ஜனங்க வர்றதுக்கு ரோடு போட்டு பஸ் விடச் சொல்றேன். பறவை மிரளாம மரம் மாதிரி நிக்கணும்" என்றார்.

வேலாத்தாள், அவள் புருஷன் நாச்சிமுத்து, கொழுந்தன் பொங்கியண்ணன் மூவரும் மலையேறினார்கள். உச்சியில் பொங்கியண்ணன் இரு கைகளையும் விரித்து மரமாக நின்றான். ஒரு வெள்ளாடு வந்து அவன் வேட்டியைத் தின்னத் தொடங்கியது.

"அண்ணா, ஆட்டை முடுக்கித் தொரத்தட்டுங்களா?"

நாச்சிமுத்து தாடையைச் சொறிந்து யோசித்தான். "மரம் ஆட்டை முடுக்குமாடா?"

"முடுக்காதுங்க."

"பேசுமா?"

பொங்கியண்ணன் வாயை மூடிக்கொண்டான். பாதி வேட்டி போயிற்று, பறவை வரவில்லை. மரம் நடக்காது என்பதால் அவனைத் தூக்கிக்கொண்டு புல்வெளிக்கு இறங்கி, அங்கே நட்டார்கள்.

அங்கே ஓர் எருமையின் முதுகு நிறையக் கொக்குகள்! வேலாத்தாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொம்பிலேயே கொடியைக் கட்டிவிட்டாள்.

ரேஞ்சர் மறுபடி வந்தார். "எங்கம்மா இடம்?"

"இடம் மேயப் போயிருக்குதுங்க சார். தண்ணி குடிக்க வந்துரும்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இடம்னா ஒரே இடத்துல நிக்கணும்மா! நின்னாத்தான் பஸ்சு. அடுத்த வாரம் வரேன்."

வேலாத்தாளுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏனுங்க, கட்டிப் போட்டா நிக்குமுங்களே?"

"எதுல கட்டுறது? இந்தப் புல்வெளியில மரமே இல்லியே" என்றான் நாச்சிமுத்து. பிறகு இருவரும் மெதுவாகத் திரும்பினார்கள். ஒரு மரம் இருக்கத்தான் செய்தது.

அடுத்த வாரம் ரேஞ்சர் வந்தபோது புல்வெளி காலியாகக் கிடந்தது.

"மரத்துலயே கட்டியாச்சுங்க சார்" என்றாள் வேலாத்தாள்.

"மரம் எங்கம்மா?"

தூரத்தில் புழுதி கிளம்பியது. முன்னால் கொடியோடு எருமை, மேலே கொக்குகள், பின்னால் இடுப்பில் கயிற்றோடு, விரித்த கையை மடக்காமல் பொங்கியண்ணன் ஓடிவந்தான். ரேஞ்சர் ஜீப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு எப்படிம்மா ரோடு போடுறது?"

எருமை அவர்களைத் தாண்டிப் போகும் திசையை வேலாத்தாள் கவனித்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ரோடு வேண்டாமுங்க சார், இடமே சந்தைக்குத்தான் போகுது!" என்று ஓடிப்போய், தக்காளிக் கூடையை அந்த விரித்த கையில் மாட்டினாள். "தம்பி, சந்தையில இறக்கி வெச்சிருங்க!"

மரம் பேசாதல்லவா? தக்காளியோடு போய்க்கொண்டே இருந்தது.