நாற்காலியுடன் ஒருவர் மட்டும்

ஆற்காட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகள் மூன்று பேருக்கும் நன்றாகப் படிக்கத் தெரியும். தொல்லையெல்லாம் அதனால்தான். படிக்கத் தெரியாதவர்களாக இருந்திருந்தால் அறிவிப்புப் பலகைகளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருப்பார்கள், நானும் எப்போதோ ராட்டினம் ஏறியிருப்பேன்.

மூத்தவர் தணிகாசலம், என் பெரியப்பா. நடுவில் ஏகாம்பரம், என் அப்பா. கடைக்குட்டி துரைக்கண்ணு, என் சித்தப்பா. எழுதியிருப்பதை மீறக் கூடாது என்பது மூவரின் கொள்கை. எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம் என்று யோசிப்பதே பாதி மீறல் என்பது பெரியப்பா தனியாகச் சேர்த்துக்கொண்ட கொள்கை.

ஒன்றே ஒன்று சொல்கிறேன், புரிந்துவிடும். போன மழைக்காலத்தில் சித்தப்பா வந்த பஸ் சாலையோரச் சேற்றில் இறங்கிச் சாய்ந்து நின்றது. ஜன்னலுக்கு மேல் ‘ஆபத்து நேரத்தில் கண்ணாடியை உடைக்கவும்’ என்று எழுதியிருந்தது. சித்தப்பா நிதானமாகத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், இரண்டாக உடைத்தார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பக்கத்து ஸீட்டுக்காரர் கண்ணாடி போடாதவர். இந்த மனுஷன் எதை உடைத்துத் தப்பிக்கப்போகிறார் என்று அவருக்காகக் கவலைப்பட்டதாகச் சித்தப்பா வீட்டுக்கு வந்து சொன்னார்.

இவர்களுக்கு நடுவில் நான், தமயந்தி. வீட்டில் பாப்பா. சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். என் கால்கள் பிறந்ததிலிருந்து வேலைநிறுத்தத்தில் இருக்கின்றன. பேச்சுவார்த்தையை நானும் எப்போதோ நிறுத்திவிட்டேன். சக்கர நாற்காலியில் போகிறேன், வருகிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில். பொருட்காட்சியோ, தேர்த்திருவிழாவோ, எங்கே போனாலும் என் மடி குடும்பத்தின் பொதுச் சொத்து. எல்லாரும் ராட்டினம் ஏறுவார்கள். நான் கீழே அவர்களுடைய செருப்பு, செல்போன், கைப்பை, பாதி தின்ற சோளக்கதிர் எல்லாவற்றையும் மடியில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். மேலே போனவர்கள் கையசைப்பார்கள். நான் திருப்பி அசைக்க மாட்டேன். கை காலியாக இருந்தால்தானே.

அதனால் இந்தக் கோடை விடுமுறைக்குச் சென்னைக்கு வெளியே இருக்கிற குதூகலபுரி என்ற பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போவது என்று முடிவானபோது, ராட்டினத்தில் ஏற்றுவதாக இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் கடையைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

"கவலையே படாதே பாப்பா," என்றார் பெரியப்பா. "உன் நாற்காலி ராட்டினம் ஏறும். அதுக்கு நான் பொறுப்பு."

அந்த வாக்கியத்தை அங்கேயே பிடித்திருக்க வேண்டும். சட்டம் படிக்கிறவள் நான். விட்டுவிட்டேன்.

குதூகலபுரி வாசலில் முதல் பலகை: ‘வெளி உணவுக்கு அனுமதி இல்லை.’ பையில் புளியோதரை இருந்தது. காவலாளி பையைத் திறக்கச் சொன்னார். பெரியப்பா பலகையைப் படித்தார், புளியோதரையைப் பார்த்தார், இது வெளியில் செய்தது இல்லை, வீட்டுக்குள், அதுவும் சமையல்கட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு செய்தது என்று விளக்கினார். கதவைச் சாத்தியது பூனைக்காக என்று அப்பாவும் சாட்சி சொன்னார். காவலாளி சற்று நேரம் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போங்க சார் என்று கும்பிட்டார். அம்மாவும் சித்தியும் அந்தக் கும்பிடு முடிவதற்குள் அலைக்குளத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள். திருமணமாகிப் பல வருஷம் ஆனவர்கள். எப்போது நழுவ வேண்டும் என்று தெரியும்.

அடுத்தது ஒரு சரிவு. ‘சக்கர நாற்காலியைப் பின்புறமாக இறக்கவும்.’ நியாயமான பலகை. நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிய மாட்டார். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மூவரும் கூடிவிட்டார்கள்.

பின்புறம் என்றால் யாருடைய பின்புறம் என்று சித்தப்பா கேட்டார். நாற்காலிக்கும் ஒரு பின்புறம் இருக்கிறது, தள்ளுகிறவருக்கும் இருக்கிறது, எழுதியவர் சொல்லவில்லை. எதற்கும் எல்லாவற்றையும் திருப்பிவிடுவோம் என்றார் அப்பா. நாற்காலியைத் திருப்பினார்கள். தாங்களும் திரும்பினார்கள். யாரோ ஒருவர் திரும்பாமல் விட்டுவிட்டாரோ என்ற சந்தேகத்தில் எல்லாரும் இன்னொரு முறை திரும்பினோம். பிறகு முன்பு பார்த்த அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, பழையபடியே முன்பக்கமாகச் சரசரவென்று இறங்கினோம். கீழே இருந்த பூந்தொட்டிதான் எங்களை நிறுத்தியது. பலகையின்படி இறங்கியதால்தான் தொட்டியோடு போயிற்று என்றார் பெரியப்பா.

பரவாயில்லை. தொட்டிக்கு அந்தப் பக்கம் ராட்டினம் தெரிந்தது.

அப்படி ஒரு ராட்டினத்தை நான் பார்த்ததில்லை. தொட்டில் இல்லை, கதவு வைத்த கண்ணாடிப் பெட்டிகள். நாற்காலியோடு உள்ளே போக ஒரு சாய்மேடை. வெயில் நாள், கூட்டமும் இல்லை. பெரிய மீசையோடு, கழுத்தில் விசில் தொங்க ஒருவர் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அந்தக் கொஞ்ச தூரத்தில் ஒரு நீலப் பலகை. ‘சக்கர நாற்காலிக்கு முன்னுரிமை. சக்கர நாற்காலியுடன் ஒருவர் மட்டும் அனுமதிக்கப்படுவார்.’

மூவரும் நின்றுவிட்டார்கள்.

"நாற்காலி போகுது. அதுல தகராறு இல்ல," என்றார் பெரியப்பா. "கூட ஒருத்தர். அந்த ஒருத்தர் யாருங்கிறதுதான் விஷயம்."

"நான்தான் பெரியப்பா."

"நீ போனா யார் தள்ளறது?"

"நான் தள்ளறேன்," என்றார் அப்பா.

"அப்போ நீ ஒண்ணு, பாப்பா ஒண்ணு. ரெண்டாச்சு."

சித்தப்பா வெகுநேரம் தாடையைத் தடவினார். "பாப்பா உட்கார்ந்துதானே இருக்கா. உட்கார்ந்திருக்கிறவங்களை அரைன்னு வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கிட்டாலும் ஒண்ணரை வரும்டா," என்றார் பெரியப்பா வருத்தத்தோடு.

நான் வாதாட ஆரம்பித்தேன். நாற்காலி என்பது மரச்சாமான் கணக்கில் வருவதில்லை, இங்கே அந்தச் சொல் அதில் உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் குறிக்கிறது, அந்த ஆளுக்குத் துணையாக ஒருவர் என்பதுதான் பொருள், எழுதியவரின் நோக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். கல்லூரியில் இதைவிட மோசமான வாதத்துக்கெல்லாம் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டே மரியாதையாகக் கேட்டார்.

"அதாவது, சக்கர நாற்காலின்னா நீதான்னு சொல்ற."

"ஆமா."

"போன மாசம் உங்க காலேஜ் வாசல்ல, வீல்சேரை ஓரமா விடுங்கன்னு வாட்ச்மேன் சொன்னதுக்கு, நான் வீல்சேர் இல்ல, என் பேரு தமயந்தின்னு அரை மணி நேரம் சண்டை போட்டியே. நான்தானே பக்கத்துல நின்னேன்."

போட்டேன். இன்றைக்கும் போடுவேன்.

"வாட்ச்மேனுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் கிடையாதும்மா," என்றார் பெரியப்பா கனிவாக.

அப்பா என்னைத் தூக்கிப் பக்கத்து பெஞ்சில் உட்காரவைத்தார். மூன்று ஜோடி செருப்பும், போன்களும், புளியோதரைப் பையோடு மற்ற பைகளும் வழக்கம்போல் என் மடிக்கு வந்தன. பெரியப்பா என் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பெட்டிக்குள் போனார். அந்தப் பக்கம் யாருக்கோ கதவைச் சாத்திக்கொண்டிருந்த மீசைக்காரர் திரும்பி, நாற்காலியின் சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு, சரி என்று இந்தக் கதவையும் சாத்தி விசில் ஊதினார். என் நாற்காலி மேலே போயிற்று. பெரியப்பா வெளியே கையைக் காட்டி நாற்காலிக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு எனக்குக் கையசைத்தார்.

அழுகை வரவில்லை. வந்தது கோபம். கோபத்தில் சுற்றிலும் பார்த்தபோது பெஞ்சின் முதுகில் ஒரு வாசகம் கண்ணில் பட்டது: ‘உங்கள் உடைமைகளை இங்கே விட்டுச் செல்லாதீர்கள்.’

"அப்பா, இதைப் படிங்க. என்னை இங்கே விட்டுட்டுப் போகக் கூடாது."

"உடைமைன்னு போட்டிருக்கு," என்றார் அப்பா.

"நான் உங்க உடைமை இல்லையா?"

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லி முடியாது. ‘பெண் யாருடைய உடைமையும் அல்ல’ என்று பேசி மாவட்டப் பேச்சுப்போட்டியில் வாங்கிய கோப்பை வீட்டில் இருக்கிறது. சித்தி அதில் கடுகு கொட்டி வைத்திருக்கிறாள். கடுகைப் பார்க்கும்போதெல்லாம் சித்தப்பாவுக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வரும்.

"கடைசியா மேசையைக் குத்தினியே பாப்பா, அது ரொம்ப நல்லா இருந்தது," என்றார் சித்தப்பா. "பெண் உடைமை அல்ல, அல்ல, அல்லன்னு மூணு தடவை."

சரி. என் வாயே எனக்கு எதிர்க்கட்சி வக்கீல். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கமாக வந்தேன்.

"செருப்பு உங்க உடைமையா?"

"ஆமா."

"பை?"

"ஆமா."

"அப்போ அதை விட்டுட்டுப் போகக் கூடாது. ராட்டினத்துல கொண்டுபோகணும். நம்ம வீட்ல பை பிடிக்கிறது யாரு?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதில் விவாதத்துக்கே இடமில்லை. "பாப்பாதான்," என்றார் அப்பா. "என்னிக்கும் பாப்பாதான்." மடியில் பைகளோடு என்னை அப்படியே அள்ளிக்கொண்டு சாய்மேடையில் ஏறினார். கீழே ஒருவர் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை, ஆனால் இருக்கக் கூடாது என்றும் எழுதவில்லை என்று சித்தப்பா பெஞ்சிலேயே இருந்துவிட்டார்.

நாங்கள் ஏறியபோது பெரியப்பாவும் நாற்காலியும் சரியாக உச்சியில் இருந்தார்கள். அதாவது எங்களுக்கு நேர் எதிரே. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி அசைந்தது. தரை கழன்று கீழே போயிற்று. முதலில் பூந்தொட்டி தெரிந்தது, பிறகு அந்தச் சரிவு, பிறகு மரங்களின் தலைகள். அலைக்குளத்தில் அம்மாவின் ஆரஞ்சு நிறப் புடவை ஒரு புள்ளியாக மிதந்தது. அதற்கும் அப்பால் நெடுஞ்சாலை, லாரிகள், வெயிலில் பளபளக்கிற ஒரு ஏரி. யாருடைய மடியிலும் பை இருக்கலாம், இன்னார் மடி என்று இந்தப் பெட்டிக்குள் எழுதியிருக்கவில்லை என்று அப்பாவுக்குச் சுட்டிக்காட்டினேன். அவர் நான்கு சுவரையும் படித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். செருப்பு முதல் புளியோதரை வரை எல்லாவற்றையும் அவர் மடியில் அடுக்கினேன். என் இரண்டு கையும் காலியாயின. கீழே இருந்த உலகத்துக்கு, சித்தப்பா உள்பட, நன்றாகக் கையசைத்தேன்.

சுற்று முடிந்தது. பெரியப்பாவின் பெட்டி முதலில் தரைக்கு வந்தது. இறங்குகிற மேடையில் இரண்டு வரி எழுதியிருந்தது: ‘சக்கர நாற்காலியில் வந்தவர் சக்கர நாற்காலியிலேயே வெளியேற வேண்டும். மேடையில் யாரும் நிற்கக் கூடாது.’

இறங்குங்க சார் என்றார் மீசைக்காரர். பெரியப்பா இறங்கவில்லை. நாற்காலியில் வந்தவள் உச்சியில் இருக்கிறாள், அவளில்லாமல் நாற்காலியை வெளியே கொண்டுபோனால் அது வெளியேறுவது ஆகாது, களவாடுவது ஆகும் என்றார். சரி, அவங்க வர்ற வரைக்கும் இங்கேயே இருங்க என்றார் மீசைக்காரர். பெரியப்பா இரண்டாவது வரியை விரலால் காட்டினார். மேடையில் நிற்கக் கூடாது. இவற்றையெல்லாம் சித்தப்பா கீழேயிருந்து கத்திக் கத்தி எங்களுக்குத் தெரிவித்தார். கதவு சாத்தப்பட்டது. பெரியப்பா மறுபடி மேலே கிளம்பினார்.

அரைச் சுற்றில் நாங்கள் தரைக்கு வந்தோம்.

"ஏத்தும்போது தூக்கிட்டுத்தானே ஏத்துனீங்க, அப்படியே தூக்கி இறக்குங்க," என்றார் மீசைக்காரர். அவர் குரலில் கொஞ்சம் தளர்ச்சி வந்திருந்தது.

"ஏத்தறதுக்குப் பலகை இல்ல. இறக்கறதுக்கு இருக்கே," என்றார் அப்பா. முதல் வரியைப் படித்துக்காட்டினார். நாற்காலியிலேயே வெளியேற வேண்டும். நாற்காலி அப்போது உச்சியில், பெரியப்பாவோடு, மேகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ சட்டம் படிக்கிறவ. நீயே சொல்லு."

அப்பா, மீசைக்காரர், பெஞ்சிலிருந்த சித்தப்பா மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் போதும் எனக்கு. அந்தப் பலகையைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். வெளியேறுவது என்றால் என்ன, வந்தவர் என்றால் யார், எத்தனை ஓட்டை அதில். நிமிர்ந்து ஏரி இருந்த திசையைப் பார்த்தேன். பலகையை இன்னொரு முறை படித்தேன்.

"தெளிவா எழுதியிருக்குப்பா," என்றேன். "வாதாட ஒண்ணுமே இல்ல."

கதவு சாத்தப்பட்டது. மேலே போனோம். நான் புளியோதரையைத் திறந்தேன். அப்பாவின் இரண்டு கையும் பைகளில் மாட்டியிருந்ததால் அவருக்கும் ஊட்டிவிட்டேன். நாங்கள் உச்சிக்குப் போகும்போது பெரியப்பா தரைக்கு வந்து, எங்களைத் தேடி, மேலே கிளம்பினார். நாங்கள் தரைக்கு வரும்போது அவர் உச்சியிலிருந்து, நாற்காலி தயாரா இருக்கு, சீக்கிரம் இறங்கு பாப்பா என்று கண்ணாடி வழியாகச் சைகை செய்தார். ஏரியில் வெயில் சாயத் தொடங்கியது. எனக்கு எந்த அவசரமும் இல்லை.

கடைசியில் சித்தப்பாதான் வழி கண்டுபிடித்தார். மீசைக்காரரை ஓரமாக அழைத்துப்போய், ரொம்ப நேரம் காதில் பேசினார். மீசைக்காரர் எதற்கும் தயாரான முகத்தோடு போய் ஒரு கைப்பிடியை இழுத்தார். ராட்டினம் நின்றது, ஒரு தரம் முனகியது, பிறகு பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது.

சித்தப்பா கையிரண்டையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"அண்ணா, இனிமே கவலை இல்ல. இத்தனை நேரம் நாற்காலி பாப்பாவைத் துரத்திச்சு, பிடிக்க முடியல. இப்ப பாப்பா நாற்காலியைத் துரத்தறா. சின்னப் பொண்ணு, எட்டிப் பிடிச்சிடுவா."